மூன்றாவது சிலிண்டரைச் சுற்றி ஆறு போல்ட்

நீங்கள் எனக்குக் கொடுத்திருக்கும் நாற்காலியில் ஒரு கால் ஆடுகிறது. போல்ட் தளர்ந்திருக்கிறது, வேறொன்றுமில்லை. பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று இருந்தால் கால் நிமிட வேலை. இந்த அறையில் எத்தனையோ பேர் உட்கார்ந்து எழுந்திருப்பார்கள், ஒருவர் கண்ணிலும் அது படவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். பரவாயில்லை, நான் காலை ஊன்றி உட்கார்ந்துகொள்கிறேன். நீங்கள் எழுதுங்கள் ஐயா.

யாரும் என்னைக் கூப்பிட்டு அனுப்பவில்லை, நானாகத்தான் வந்தேன் என்பதை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஆற்று முகத்துவாரத்தில் அக்கரைப் படகு கவிழ்ந்து ஐந்து பேர் இறந்ததைப் பற்றிய உங்கள் விசாரணை அறிக்கையை நேற்றுப் படித்தேன். சுத்தமான வேலை. தேதி, நேரம், அலையின் உயரம் எல்லாம் சரி. நான்காம் பக்கத்தில் ஓர் இடம் மட்டும் தவறு. ‘எஞ்சினைப் பழுதுபார்த்த தலைமை மெக்கானிக், சிலிண்டர் ஹெட் போல்ட்டுகளின் இரண்டாவது இறுக்கத்தைக் கவனக்குறைவால் முழுமையாகச் செய்யவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தலைமை மெக்கானிக் நான்தான். முப்பத்தோரு வருடமாக இந்தக் கரையில் டீசல் எஞ்சின் பார்க்கிறேன். கவனக்குறைவு என்ற அந்த ஒரு வார்த்தையைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன்.

அதற்கு முன் எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பயப்படாதீர்கள், பாடம் நடத்த மாட்டேன். எஞ்சினுக்கு உடம்பு கீழே, தலை, அதாவது ஹெட், மேலே. இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய தகடு, கேஸ்கெட் என்போம். உள்ளே வெடிக்கிற நெருப்பும், சுற்றி ஓடுகிற குளிர்ச்சித் தண்ணீரும் ஒன்றோடொன்று சேராமல் காப்பது அந்தத் தகடுதான். தலையைக் கழற்றி மாட்டினால் பதினெட்டு போல்ட்டையும் நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக, வரிசை தப்பாமல் இறுக்க வேண்டும். அது முதல் பிடி. பிறகு எஞ்சினை ஓட்டிச் சூடேற்றி, முழுக்க ஆறவிட்டால் அந்தத் தகடு ஒரு மயிரிழை அமுங்கும். அமுங்கினால் போல்ட்டின் பிடி குறையும். அப்போது ஒவ்வொன்றையும் கொஞ்சம் தளர்த்தி, அதே வரிசையில் மறுபடி இறுக்க வேண்டும். அது இரண்டாம் பிடி. முதல் பிடியைக் கையில் பலம் உள்ள எவனும் போட்டுவிடுவான். இரண்டாம் பிடிக்கு எஞ்சின் ஆறும்வரை காத்திருக்கிற பொறுமை வேண்டும்.

இரண்டாம் பிடி போட்ட எஞ்சினும் போடாத எஞ்சினும் ஒன்றல்ல. போடாதது காலையில் கிளம்ப முரண்டு பிடிக்கும். வெள்ளைப் புகை கக்கும், பாரம் ஏறினால் மூச்சு வாங்கும், தண்ணீர்த் தொட்டியில் குமிழி விடும். போட்டபின் அதே எஞ்சின் அரைச் சுற்றில் பிடித்துக்கொள்ளும். புகை தெளியும், சூடு காட்டும் முள் இறங்கி நிற்கும், கேட்ட வேகத்தைக் கேட்டவுடன் கொடுக்கும். இத்தனைக்கும் போல்ட்டில் வித்தியாசம் கால் சுற்றுகூட இருக்காது.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டாம் பிடி முடிந்ததும் ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்தும் கீழே ஹெட் வரைக்கும் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுப்போம். கோடு உடையாமல் நேராக இருந்தால் போல்ட் திரும்பவில்லை என்று அர்த்தம். கோடு போட்ட போல்ட்டில் வேறொருவர் ஸ்பேனர் வைக்கக் கூடாது. வைத்தால் அந்த மெக்கானிக்கை நடுத்தெருவில் நிறுத்திச் செருப்பால் அடித்த மாதிரி. இதை எந்தப் புத்தகத்திலும் பார்க்க முடியாது, ஆனால் கரையில் எல்லோருக்கும் தெரியும்.

அக்கரைப் படகை ஓட்டியவன் என் மச்சினன், என் மனைவியின் தம்பி. நல்லவன். இதை மனதாரச் சொல்கிறேன். உரக்கச் சிரிப்பான், யாருக்கு எது என்றாலும் முன்னால் போய் நிற்பான். ஒரு விஷயம் கிடைத்துவிட்டால் அதை நாலு பேர் சிரிக்கிற மாதிரி சொல்லத் தெரியும். எனக்கு அந்தக் கலை வராது.

மூன்று வருடத்துக்கு முன்னால் இதே எஞ்சினின் தலையைக் கழற்றிப் புதுக் கேஸ்கெட் போட்டேன். முதல் பிடி முடித்து, மதியம்வரை ஓட்டி, ஆறட்டும் என்று விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டேன், நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப்போட்டுச் செய்தித்தாள் படித்தேன். மாலை ஐந்து மணி இருக்கும். துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி கேட்டாள்.

“எஞ்சின் ஆறினதும் திரும்பப் போகணும்னு காலைல சொன்னீங்களே, போகலையா?”

நான் தாளைக் கீழே வைத்தேன். பிறகு மறுபடி எடுத்து விரித்துக்கொண்டு, “நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்” என்றேன். அவள் என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். மறுபடி துணி மடிக்கத் தொடங்கினாள். மறுநாள் நான் பட்டறைக்குப் போவதற்குள் படகு அக்கரைக்குப் போய்விட்டது, அடுத்தடுத்து வேறு வேலைகள் வந்துவிட்டன. ஆக, நான் மறக்கவில்லை. தள்ளிப்போட்டேன். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

ஒரு வாரம் அந்த எஞ்சின் புகைந்துகொண்டே ஓடியது. போல்ட்டில் மஞ்சள் கோடு இல்லாததைப் பார்த்து என் மச்சினனே ஒரு ஸ்பேனரை எடுத்து இரண்டாம் பிடி போட்டுவிட்டான். கோடு இல்லாததால் அதில் தப்புச் சொல்ல முடியாது, முறைப்படி சரிதான். அதை அவன் என்னிடம் வந்து தனியாகச் சொல்லியிருக்கலாம். பட்டறைக்கு எதிரே இருக்கிற டீக்கடையில், பத்துப் பேர் நிற்கும்போது சொன்னான்.

“எங்க மாமா பிடி இரும்புப் பிடிதான், இல்லேங்கல. ஆனா ஒத்தப் பிடியோட வீட்டுக்குப் போய்ட்டாரு. நான் கால் சுத்துதான் இழுத்தேன். கழுத மாதிரி நின்ன எஞ்சின் குதிர மாதிரி ஓடுது.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், நான் ஒன்றும் கல் இல்லையே. மறுநாள் காலையில் டீ மாஸ்டர் என்னைப் பார்த்து, “ஒத்தப்பிடி அண்ணே, சக்கர தூக்கலா?” என்று கேட்டார். அவ்வளவுதான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஒரு மாதத்துக்குள் என் சொந்தப் பெயரைச் சொல்லித் தேடி வருகிறவர்களுக்கு வழி காட்ட ஆள் இல்லை, ‘ஒத்தப்பிடி பட்டறை’ என்றால் குருடனும் கையைப் பிடித்து அழைத்து வருவான். எஞ்சினை விட வருகிறவர்கள் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். “அண்ணே, ரெண்டாம் பிடி போட்டாச்சா?” கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். ஒவ்வொருவரும் தானே புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி சிரிப்பார்கள். இருபத்தெட்டு வருடம் பார்த்த வேலை அந்த ஒரு கால் சுற்றுக்குள் போய்ச் செருகிக்கொண்டது.

இதில் அவனை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஆறு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நின்றான், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“மாமா, வெளையாட்டாத்தான் சொன்னேன். இப்படிப் பேரா ஒட்டிக்கும்னு சத்தியமா நெனைக்கல. இனிமே நீங்க கோடு போட்ட போல்ட்டுல என் கை படாது. உசுரே போனாலும் படாது மாமா.”

“விடு மாப்ளே, இதுல என்ன இருக்கு” என்றேன். அவனுக்கு டீ போட்டுக் கொடுக்கச் சொன்னேன். அன்றே மன்னித்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவன் சொன்ன அந்த வாக்கு மட்டும் மனதில் ஒரு பக்கமாக இருந்துகொண்டே இருந்தது. தேவைப்படும் என்று எடுத்து வைத்த சாமானைப் போல.

என் மனைவியைப் பற்றியும் கேட்பீர்கள். அவளும் ஒரே ஒருமுறை அந்தப் பெயரைத் தொட்டிருக்கிறாள். நான் மூடி வைத்த தண்ணீர் பாட்டில் அவள் பைக்குள் கவிழ்ந்து, இடுப்புக்குக் கீழே சேலையெல்லாம் நனைந்துவிட்டது. “உங்களுக்குச் சரியாத்தான் பேரு வெச்சிருக்காங்க” என்று சொல்லி, பேருந்து நிறுத்தத்தில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நல்ல சிரிப்பு அவளுக்கு. எனக்கு அதில் துளிகூட வருத்தம் இல்லை. அது ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் கட்டியிருந்தது பச்சைக் கட்டம் போட்ட சேலை, பக்கத்தில் குடையோடு நின்ற ஒரு பெண்ணும் சேர்ந்து சிரித்தாள். அவ்வளவுதான்.

இந்த வருடம் அந்த எஞ்சினுக்கு வால்வு தேய்க்க வேண்டி வந்தது. மறுபடி தலையைக் கழற்ற வேண்டும். படகு முதலாளி வேறு பட்டறைக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார். என் மச்சினன் கேட்கவில்லை. “எங்க மாமாகிட்டதான் குடுப்பேன், வேற கை பட விடமாட்டேன்” என்று சண்டை போட்டு என்னிடம் கொண்டுவந்தான். எனக்கு மரியாதை செய்கிறானாம்.

வேலையை நான் நன்றாகத்தான் செய்தேன். வால்வு தேய்த்தேன், நாசில் சுத்தம் செய்தேன், டைமிங்கைச் சரிபார்த்தேன். முதல் பிடியில் ஒரு குறை கிடையாது. மதியம்வரை ஓட்டினேன். ஆறும்வரை வீட்டுக்குப் போகவில்லை, எஞ்சின் பக்கத்திலேயே ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். கை வைத்துப் பார்த்தேன், ஜில்லென்றிருந்தது. மணி நாலு. நல்ல வெளிச்சம். நான் எதையும் ஒளித்துச் செய்யவில்லை ஐயா. என் மச்சினன் எதிரே உட்கார்ந்து எனக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

இறுக்குவதற்கு டார்க் ஸ்பேனர் என்று ஒன்று இருக்கிறது. கைப்பிடியில் அளவை வைத்துக்கொண்டால், அந்த அளவு இறுக்கம் வந்ததும் ‘டக்’ என்று சொல்லும். இந்த எஞ்சினுக்கு அளவு பதினாறு. பன்னிரண்டு போல்ட்டுக்குப் பதினாறு வைத்தேன். மூன்றாவது சிலிண்டரைச் சுற்றி இருக்கிற ஆறு போல்ட் வரும்போதெல்லாம் கைப்பிடியைத் திருகி ஒன்பது வைத்தேன். ஒன்பதுக்கும் அதே ‘டக்’தான். அவன் ஒவ்வொரு சத்தத்துக்கும் விரல் மடக்கி எண்ணினான். பதினெட்டு வந்ததும், “ரெண்டாம் பிடி முழுசா முடிஞ்சுது, நானே சாட்சி. இனி எவனாவது அந்தப் பேரச் சொல்லட்டும், பல்லக் கழட்டிடறேன்” என்றான்.

ஏன் ஒன்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எட்டு வைத்தால் முதல் நாளே கசியும், கண்டுபிடித்துவிடுவார்கள். பத்து வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும், எங்கே போகும் என்று சொல்ல முடியாது. ஒன்பது என்றால் ஏறக்குறைய நாற்பது மணி நேர ஓட்டம். படகு ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடுகிறது. நாலு நாள் தாங்கும், ஐந்தாம் நாள் காலை முகத்துவாரத்தில் போகும். ஆறும் கடலும் மோதுகிற அந்த இடத்தை நீர் வடிகிற நேரத்தில் தாண்ட எட்டு நிமிடம் எஞ்சினை முழு வேகத்தில் வைக்க வேண்டும். அங்கே எஞ்சின் நின்றால் படகு பக்கவாட்டில் திரும்பிவிடும், அடுத்த அலை மீதியைப் பார்த்துக்கொள்ளும். காலை முதல் நடை பெரும்பாலும் வெறும் படகாகத்தான் அக்கரைக்குப் போகும். அவன் ஒருவன்தான் இருப்பான். நான் கணக்குப் போட்டது அப்படி.

பதினெட்டுக்கும் மஞ்சள் கோடு போட்டேன். மெல்லிய தூரிகையால், ஒன்று கூடப் பிசகாமல் போட்டேன். அவ்வளவு அழகாக நான் முன்பு போட்டதே இல்லை.

அன்று மாலையே போன் செய்தான். “மாமா, எஞ்சின் பேசுது மாமா. தொட்டா போதும், இழுக்குது. முள்ளு பாதிக்கு மேல ஏறல.” நாலு நாளும் இரு கரையிலும் இதே பேச்சு. மேலே ஏறுகிறவர்களிடமெல்லாம் எஞ்சின் பெட்டியின் மூடியைத் தூக்கிக் காட்டியிருக்கிறான், இந்தக் கோட்டைப் பார், அந்தக் கோட்டைப் பார் என்று. மூன்றாம் நாள் டீ மாஸ்டர் வெறும் ‘அண்ணே’ என்று கூப்பிட்டு டீ கொடுத்தார். மூன்று வருடத்தில் முதல் தடவை.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாமே என்று உங்கள் முகத்தில் தெரிகிறது. யோசித்தேன். பெயர் திரும்ப வந்துவிட்டது என்பது உண்மை. ஆனால் அவன் புகழ்ந்தது எந்த வேலையை? ஆறு போல்ட் அரைகுறையாக நிற்கிற ஒரு எஞ்சினை. அதைக்கூடக் காதால் பிரித்தறியத் தெரியாதவன், மூன்று வருடத்துக்கு முன்னால் என் வேலையில் குறை கண்டுபிடித்தான், ஊரும் அதை நம்பியது. அந்த எண்ணம் வந்த பிறகு எனக்கு டீ இறங்கவில்லை.

நாலாம் நாள் மாலை பட்டறைக்கு வந்தான். தயங்கித் தயங்கித்தான் கேட்டான், பாவம்.

“தொட்டில ரெண்டு மூணு குமிழி வருது மாமா. தப்பா எடுத்துக்காதீங்க, சும்மாதான் கேக்கறேன்.”

“புதுக் கேஸ்கெட் மாப்ளே. உள்ள நின்ன காத்து வெளியேறுது. ரெண்டு நாள்ல நின்னுடும்.”

“அதானே பாத்தேன்” என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் போனான்.

ஐந்தாம் நாள் காலை ஆறு நாற்பதுக்கு நான் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி கிளம்பி நின்றாள். அக்கரையில் ஒரு கண்ணாடிக் கடையில் எனக்குப் புதுக் கண்ணாடி செய்யக் கொடுத்திருந்தோம்.

“உங்க கண்ணாடி ரெடியாம். முதல் நடையிலயே தம்பி கூடப் போய் வாங்கிட்டு வந்துடறேன். கண்ணச் சுருக்கிச் சுருக்கி வேல பாக்கறீங்க, பாக்கவே கஷ்டமா இருக்கு.”

படகு ஏழு மணிக்கு. இருபது நிமிடம் இருந்தது. போகாதே என்று சொல்ல எனக்கு வாய் இல்லாமல் இல்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏதாவது சொல்லி நிறுத்தினாலும் தம்பியிடம் போனில் சொல்வாள். அவனுக்குச் சந்தேகம் வந்து ஸ்பேனர் வைத்துப் பார்த்தால் ஆறு போல்ட் தளர்வு. என்னைக் கொலைகாரன் என்றுகூட யாரும் நினைக்க மாட்டார்கள். இந்தத் தடவையும் மறந்துவிட்டான் என்று சிரிப்பார்கள். டீ ஆறுவதற்குள் இவ்வளவும் யோசித்துவிட்டேன்.

“ஆத்துல காத்து அடிக்கும், சால்வையப் போத்திக்கோ” என்றேன்.

“இன்னிக்கு என்ன, அக்கறை ஆறா ஓடுது?” என்று சிரித்துக்கொண்டே எடுத்துப் போர்த்திக்கொண்டாள். கதவைச் சாத்தும் முன் அடுப்பில் பால் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். நான் பாலை இறக்கி வைத்து, மூடிவிட்டுத்தான் பட்டறைக்குக் கிளம்பினேன்.

அன்றைக்கென்று பார்த்து இன்னும் மூன்று பேர் ஏறியிருக்கிறார்கள். திருத்திய விடைத்தாள் கட்டோடு ஒரு வாத்தியார். மகளுக்குக் குழந்தை பிறந்ததைப் பார்க்கப் போன ஒரு கணவனும் மனைவியும். அவர்கள்மீது எனக்கு எந்த விரோதமும் கிடையாது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏழு இருபதுக்குப் போன் வந்தது. பின்னால் எஞ்சின் இருமுகிற சத்தம் கேட்டது. மூன்றாவது சிலிண்டர் அடிக்கவில்லை, போனிலேயே எனக்குத் தெரிந்தது.

“மாமா, முகத்துவாரத்துல இருக்கோம். முள்ளு செவப்புல நிக்குது. தொட்டித் தண்ணி பூராத் தள்ளிடுச்சு. மூணாம் சிலிண்டர் பக்கம் ஹெட்டுக்கு அடியில ஆவி வருது. ஸ்பேனர் கைல இருக்கு, போல்ட்ட ஒரு கால் சுத்து இழுத்துப் பாக்கட்டுமா?”

இதில் ஒரு விஷயத்தை நான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த ஆறு போல்ட்டையும் அப்போது கால் சுற்று இழுத்து, தொட்டியில் தண்ணீரும் ஊற்றியிருந்தால், எஞ்சின் அக்கரை சேரும்வரை தாங்கியிருக்கும். சூட்டில் இறுக்கினால் ஹெட் கெட்டுப்போகும், அதனால் என்ன, ஹெட்தானே.

“கோடு எப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

“நேரா இருக்கு மாமா. ஒண்ணு கூட ஒடையல.”

“அப்போ போல்ட்டுல கோளாறு இல்ல. தொடாத.”

பக்கத்தில் என் மனைவியின் குரல் கேட்டது. என்ன சொல்கிறார் என்று அவனிடம் கேட்டாள். அவன் சொன்னான். அதற்கு அவள் சொன்னதும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. “அவர் சொன்னா சரியாத்தான்டா இருக்கும், விடு.”

“சரி மாமா” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

விசாரணையில் இந்த அழைப்பைப் பற்றிக் கேட்டபோது, தண்ணீர் ஊற்றச் சொன்னேன் என்று சொல்லியிருந்தேன். அது பொய், மாற்றிக்கொள்ளுங்கள். பட்டறை வாசலில் நின்றால் முகத்துவாரத்துச் சத்தம் காற்றில் வரும். ஏழு இருபத்தாறுக்கு எஞ்சின் நின்றது. நான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். நாற்பது மணி நேரத்துக்கு மேல் இருபத்தாறு நிமிடம்தான்.

இரண்டு நாள் கழித்துப் படகைத் தூக்கினார்கள். ஸ்பேனர் எஞ்சின் பெட்டியின் உட்புறத்தில், அதற்கென்று அடித்த கொக்கியில் ஒழுங்காக மாட்டியிருந்தது. மஞ்சள் கோடு பதினெட்டும் அப்படியே இருந்தன. உசுரே போனாலும் தொட மாட்டேன் என்றான், தொடவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினான் என்றுதான் சொல்ல வேண்டும்.

எனக்கு வருத்தமே இல்லையா என்று கேட்கிறீர்கள். இருக்கிறது. அடக்கம் முடிந்து எல்லோரும் வரிசையாக வந்து என் கையைப் பிடித்தார்கள். ஒருவர் பாக்கி இல்லாமல் ஒரே பேச்சு. “மனசத் தேத்திக்கோங்க. மறதி மனுஷனுக்கு சகஜம்.” “வேணும்னா செஞ்சீங்க? யாருக்குத்தான் மறதி வராது?” டீ மாஸ்டர் என் தோளில் கை போட்டு, “ஒத்தப்பிடி அண்ணே, உங்களப் பத்தி எங்களுக்குத் தெரியாதா” என்றார். மனைவியையும் மச்சினனையும் ஒரே நாளில் மண்ணில் வைத்தபோது வராத அழுகை எனக்கு அப்போது வந்தது. நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அதைப் பார்த்துக் கரையே அழுதது.

அதற்குப் பிறகு உங்கள் ஆய்வாளர் வந்தார். ஸ்பேனர் வைத்து ஒவ்வொரு போல்ட்டாகப் பார்த்தார். மூன்றாவது சிலிண்டரைச் சுற்றி ஆறு, ஆறும் ஒரே அளவில் குறைவு. அவர் கையாலேயே எழுதியிருக்கிறார், உங்கள் அறிக்கையின் கடைசித் தாளில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். மறதி என்றால் ஒன்று பன்னிரண்டில் நிற்கும், ஒன்று ஏழில் நிற்கும், ஒன்று கையோடு வரும். ஆறு போல்ட் ஒரே எண்ணில் வந்து நிற்க வேண்டுமென்றால் ஒருவன் கண்ணை ஊன்றி, மூச்சைப் பிடித்து வேலை செய்திருக்க வேண்டும். படித்த மனிதர், அது அவருக்குத் தோன்றவில்லை. ‘கவனக்குறைவு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். எச்சரிக்கையோடு விட்டுவிடலாம் என்று பரிந்துரை வேறு. என்மேல் இரக்கம்.

அந்தக் கண்ணாடியை முந்தாநாள் நானே அக்கரைக்குப் போய் வாங்கிக்கொண்டேன். நன்றாகத் தெரிகிறது. அதைப் போட்டுக்கொண்டுதான் நேற்று உங்கள் அறிக்கையைப் படித்தேன்.

இன்னும் ஒரே ஒரு விஷயம். மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த மாலையில் நான் மறந்தேனா, தள்ளிப்போட்டேனா என்று என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டவள் என் மனைவி ஒருத்திதான். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, தம்பியிடம்கூடச் சொன்னதில்லை. அவள் குணம் அப்படி. அவள் படியிறங்கிப் போகும்போது எனக்கு அது நினைவுக்கு வந்தது என்பதும் உண்மைதான். ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அதனால் அதை நீங்கள் எழுத வேண்டாம்.

எழுத வேண்டியது இது. இரண்டாம் பிடி உரிய நேரத்தில், எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு, வரிசை தப்பாமல் பதினெட்டு போல்ட்டுக்கும் போடப்பட்டது. அதில் ஆறு போல்ட்டுக்கு ஒன்பது என்ற அளவு வேண்டுமென்றே வைக்கப்பட்டது. ஐந்து பேரையும் நான்தான் கொன்றேன் என்று அதன் கீழே எழுதிக்கொள்ளுங்கள், எத்தனை இடத்தில் கேட்டாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நான்காம் பக்கத்தில் இருக்கிற அந்த வார்த்தையை முதலில் அடித்துவிடுங்கள். என் வேலையில் நான் ஒருநாளும் எதையும் மறந்ததில்லை ஐயா. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.